பிள்ளை மீது வழக்கு வந்தால்... சிறார் நீதிச் சட்டத்தில் பெற்றோர் அறிய வேண்டியவை

பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடிதடி வழக்கிலோ, வண்டித் திருட்டிலோ, கஞ்சாப் பொட்டலத்துடனோ காவல் துறையிடம் சிக்கிக்கொண்டால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. விஷயம் மஹல்லாவுக்குத் தெரிவதற்குள் 'முடித்துக் கொடுக்க' ஆள் தேடி ஓடுகிறோம். அல்லது, "எனக்கு இப்படி ஒரு பிள்ளையே பிறக்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார். இரண்டில் எது நடந்தாலும், சட்டம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு அவனுக்குக் கிடைக்காமல் போகிறது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களை நம் நாட்டின் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது. அவர்களுக்கு வேறு காவல் அலுவலர், வேறு விசாரணை மன்றம், வேறு தங்குமிடம், வேறு வகையான தீர்ப்பு. இவற்றை ஒவ்வொரு பெற்றோரும், ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகியும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் சிறாருக்கென்று தனியாகச் சட்டம் இயற்றியதில் முன்னோடி நமது மாகாணம்தான். 1920ஆம் ஆண்டு சென்னை சிறார் சட்டம் வந்தது. வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் 1986இல்தான் வந்தது. அதில் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயது, பெண் பிள்ளைகளுக்கு 18 வயது என்று எல்லை இருந்தது. 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதையொட்டி 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 வயது என்று ஆக்கியது.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமை இந்தச் சட்டத்தை உலுக்கியது. குற்றவாளிகளில் ஒருவனுக்கு அப்போது 18 வயது நிரம்பவில்லை. அவனுக்குச் சட்டப்படி கொடுக்க முடிந்தது சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டுகள் மட்டுமே. 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது நாடே கொந்தளித்தது. அதே வாரத்தில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதுதான் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இது 2021இல் ஒருமுறை திருத்தப்பட்டுள்ளது.

யார் சிறார்?

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் 18 வயது நிரம்பாத எவரும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவார்கள். பிடிபட்ட நாளோ தீர்ப்பு நாளோ கணக்கில் வராது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆவது பிரிவு சொல்கிறது. 7 முதல் 12 வயது வரை, செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லையென்றால் அதுவும் குற்றமில்லை.

இங்கே நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. "அவன் பாலிக் ஆகிவிட்டான், இனி அவன் பொறுப்பு அவனுக்கு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொழுகை, நோன்பு போன்ற கடமைகளுக்கு மார்க்கம் பருவமடைதலை அளவுகோலாக வைத்திருப்பது உண்மைதான். அதற்கு முந்திய வயதில் செய்பவற்றுக்குக் குற்றப் பொறுப்பு இல்லை என்பதும் நம் சட்டநூல்களில் நிலைபெற்ற விதி. ஆனால் இந்நாட்டின் குற்றவியல் வழக்கில் கணக்கு 18 வயதுதான். காவல் நிலையத்தில் யாராவது கேட்டால், மீசை அரும்பியதை வைத்து "பெரிய பையன்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் பிள்ளையைப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும்.

வயதை எப்படி நிரூபிப்பது என்பதைச் சட்டத்தின் 94ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு முதிர்ச்சியைப் பார்க்கும் மருத்துவச் சோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கில் அந்த எழுத்துதான் முதல் சாட்சியாக வந்து நிற்கும்.

வயதைப் பற்றிய வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட, எந்த நீதிமன்றத்திலும் எழுப்பலாம். ஏற்கெனவே பெரியவர்களுக்கான சிறையில் இருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

முதல் 24 மணி நேரம்

பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் இந்த ஒரு நாளில்தான் தீர்மானிக்கப்படுகிறது. சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளும் சொல்பவை இவை:

• பிள்ளையைக் காவல் நிலையப் பூட்டறையிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. கைவிலங்கு, சங்கிலி கூடாது.
• சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கென நியமிக்கப்பட்டிருக்கும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது.
• பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும். விசாரிக்கும்போது பெற்றோர் உடனிருக்கலாம்.
• எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது.
• பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. கொடுங்குற்றம் என்று வகைப்படுத்தப்பட்டவை, பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படுபவை ஆகியவற்றைத் தவிர மற்றவற்றில் சிறார் மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது என்று மாதிரி விதிகள் கூறுகின்றன. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிவிட்டு, பிள்ளையின் குடும்பப் பின்னணி அறிக்கையுடன் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பிள்ளையின் நலனுக்குத் தேவை என்றால் ஒழிய, அத்தகைய வழக்குகளில் பிடித்து வைக்கவும் கூடாது. எந்த நாளில் குழுமத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிவிடலாம்.

ஆகவே தகவல் கிடைத்தவுடன் பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு தாயோ தகப்பனோ நேரில் செல்லுங்கள். குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். அடித்த காயம் இருந்தால் அதை மறைக்காமல் குழுமத்திடம் சொல்லுங்கள். வழக்கறிஞருக்கு வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும் சிறாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

குழுமம் எப்படி இயங்குகிறது?

இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமுள்ள நீதித்துறை நடுவர். மற்ற இருவரும் சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீதிமன்ற வளாகத்துக்குள் குழுமம் அமரக் கூடாது. உயர்ந்த மேடையோ சாட்சிக் கூண்டோ கூடாது. பிள்ளை பயந்துவிடாமல் பேச வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பிணை விஷயத்தில் இந்தச் சட்டம் பொதுச் சட்டத்தைவிடத் தாராளமானது. பிணையில் விடத்தக்க குற்றம், விடத்தகாத குற்றம் என்ற பாகுபாடு இங்கே இல்லை. ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடுவிக்க வேண்டும் என்பதே விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்கள்தான்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளுடன் சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடல், மன, ஒழுக்க ரீதியான ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும். பிணை நிபந்தனையை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால் நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான். "இவனைக் கண்காணிக்க வீட்டில் ஆள் இருக்கிறது" என்று குழுமத்துக்குத் தெரிய வேண்டும். தகப்பனார் வெளிநாட்டில் இருந்தால் தாயோ, தாய்மாமனோ, பெரியத்தாவோ வந்து பொறுப்பேற்கலாம். யாரும் வராத பிள்ளை கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் போவான்.

அடுத்து நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். இரண்டு வாரங்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுப்பது அவர் கடமை. படிப்பு எப்போது நின்றது, யாருடன் பழக்கம், வீட்டில் சண்டை உண்டா, போதைப் பழக்கம் உண்டா என்று கேட்பார். கௌரவம் போய்விடும் என்று மறைக்கும் குடும்பங்களே அதிகம். அவர் எழுதுவதை வைத்துத்தான் பிள்ளைக்கு என்ன தேவை என்று குழுமம் முடிவு செய்யும். மருத்துவரிடம் நோயை மறைத்தால் யாருக்கு நஷ்டமோ, இங்கும் அவர்களுக்கே நஷ்டம்.

மூன்று வகைக் குற்றங்கள்

சிறு குற்றம் என்பது அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ளது. சாதாரணத் திருட்டு இதில் வரும். ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சாவை வைத்திருப்பதும் இந்த வகைதான். கடுங்குற்றம் என்பது மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ளவை. அதிகபட்சம் ஏழாண்டுக்கு மேல் இருந்தாலும், குறைந்தபட்சத் தண்டனை இல்லாதவையும் அது ஏழு ஆண்டுக்குக் குறைவாக உள்ளவையும் 2021 திருத்தத்தால் இதில் சேர்ந்தன. கொள்ளையும் கொலை முயற்சியும் பொதுவாக இந்த வகையில் வருகின்றன. கொடுங்குற்றம் என்பது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ளது: கொலை, பாலியல் வன்கொடுமை, 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா போன்றவை.

விசாரணை நான்கு மாதங்களில் முடிய வேண்டும். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்ற விசாரணை அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு அத்துடன் முடிந்துவிடும்.

குற்றம் உண்மை என்று கண்டால் குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பலாம், கலந்தாய்வுக்கு அனுப்பலாம், சமூகச் சேவை செய்ய வைக்கலாம், அபராதம் விதிக்கலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடமே விடலாம். கடைசியாகத்தான் சிறப்பு இல்லம். அங்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். உத்தரவில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

16 முதல் 18 வரை

கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கு 16 வயது நிரம்பியிருந்தால் வழி மாறுகிறது. அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மன ஆற்றல் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று மூன்று மாதத்துக்குள் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்யும். உளவியல் நிபுணர் உதவியை நாடலாம். பெரியவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்று தோன்றினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அந்த நீதிமன்றமும் ஒருமுறை தன் பங்குக்கு முடிவு செய்ய வேண்டும்.

அங்கே தண்டனை கிடைத்தாலும் 21 வயது வரை தனிப் பாதுகாப்பு இடத்தில்தான் வைப்பார்கள். 21 ஆனதும் அவன் திருந்தியிருக்கிறானா என்று நீதிமன்றம் பார்த்து, விடுவிக்கலாம் அல்லது மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். மரண தண்டனையும், விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் எந்தச் சிறாருக்கும் கிடையாது.

'பிள்ளை' என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள் என்ற கோபம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இருக்கும். அதை லேசாக எண்ண முடியாது. பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு மூன்று ஆண்டு என்பது எந்த வகையில் ஆறுதல்? ஆனால் பதினேழு வயதில் பெரியவர்களின் சிறைக்குள் போகும் பையன் அங்கே யாரிடம் பாடம் படிப்பான் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் அவன் வெளியே வருவான். நம் தெருவில்தான் நடப்பான்.

காதலும் போக்சோவும்

நம் வீடுகளை அதிகம் திகைக்க வைப்பது இந்த வகை வழக்கு. 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போய்விடுகிறார்கள். பெண் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் செல்லாது. உடல் உறவு நடந்ததாகச் சொல்லப்பட்டால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. அதாவது கொடுங்குற்றம். பையனுக்கு 16 நிரம்பியிருந்தால் முதல்நிலை மதிப்பீட்டையும் சந்திக்க வேண்டும்.

இளவயதினரின் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் குறிப்பிட்டு வழக்கை ரத்து செய்தது. ஆனால் அந்த நிவாரணம் எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது. "பேசி நிக்காஹ் செய்துவைத்துவிடலாம்" என்று ஜமாஅத்தில் முடிவு செய்வது இன்னொரு குற்றமாகிவிடும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பாத திருமணத்தைக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தடுக்கிறது. நடத்திவைப்பவரும் அதில் குற்றவாளி.

வண்டிச் சாவியும் தகப்பனார் பொறுப்பும்

லுஹருக்கும் அஸருக்கும் பள்ளிவாசல் வாசலில் பைக்குகளில் வந்து இறங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உரிமம் இருக்கிறது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரரே குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் பெற்றோர்தான்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகக் கூறப்பட்ட சொகுசுக் கார் மோதி இருவர் இறந்தனர். சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லிப் பிணை கொடுத்ததை நாடே விமர்சித்தது. அந்த வழக்கில் தகப்பனாரும் கைது செய்யப்பட்டார். சாவியைக் கொடுக்கும் கை எதற்குப் பொறுப்பாகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பின்னால் இருக்கும் பெரியவர்கள்

பிள்ளைகள் கையில் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புபவர்கள், "உனக்குப் பதினெட்டு ஆகவில்லை, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொல்லியே அனுப்புகிறார்கள். சிறாரை வைத்து மதுவோ போதைப் பொருளோ விற்பவருக்கும் கடத்துபவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் சிறை என்று சட்டத்தின் 78ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனை அனுப்பியவர் யார் என்பதைப் பயப்படாமல் வழக்கறிஞரிடமும் குழுமத்திடமும் சொல்ல வேண்டும். உறவினர் என்றும் ஊர்க்காரர் என்றும் மூடி மறைத்தால், அடுத்து வேறொரு வீட்டுப் பிள்ளை அதே பொட்டலத்தைச் சுமப்பான்.

பெயரைப் பரப்பாதீர்கள்

வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்தித்தாளுக்கு மட்டுமல்ல, மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு "பாருங்கள், இன்னார் மகன்" என்று எழுதுபவருக்கும் இது பொருந்தும். பிறர் குறையை மறைப்பது பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் கைப்பேசியை எடுப்பது நமக்கு அழகல்ல.

சட்டம் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பும் தருகிறது. சிறாராக இருந்தபோது நடந்த குற்றத்தால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. மத்தியக் காவல் படை வேலை தொடர்பான ஒரு வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், சிறார் வயது வழக்கைக் காரணம் காட்டி வேலையை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அரசாங்கமே மறந்துவிடச் சொல்லும் ஒன்றை, பெண் பார்க்கப் போகும் இடத்தில் நாம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இல்லங்களின் நிலை

காகிதத்தில் இருப்பதெல்லாம் நடைமுறையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பர் இறுதியில், திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுச் செங்கல்பட்டில் உள்ள அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஓரிரு நாட்களில் உயிரிழந்தான். இல்லத்தின் ஊழியர்கள் கைது செய்யப்பட்டனர். இதையடுத்து இத்தகைய இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரைக்கும்படி ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. அவர் 2023இல் அறிக்கை அளித்தார்.

பிள்ளை இல்லத்தில் இருந்தால் அவமானம் கருதிப் பார்க்கப் போகாமல் இருக்காதீர்கள். தவறாமல் செல்லுங்கள். உடலில் காயம் இருக்கிறதா, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, படிப்பு நடக்கிறதா என்று பாருங்கள். வந்து பார்க்க ஆள் இருக்கும் பிள்ளை மீது கை ஓங்க எவரும் யோசிப்பார்கள்.

மஹல்லா செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இந்தச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் எண்ணும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். இல்லத்திலிருந்து திரும்பிய பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்க்க நிர்வாகிகள் இருவர் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசட்டும். தொழில் கற்க விரும்பினால் நம்மில் கடை வைத்திருப்பவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் இடம் கொடுக்கட்டும். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை மட்டும் வேலைக்கு வைக்கவே கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலையும் கூடாது.

பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கும் போக வேண்டும். அவர்களுக்கு மருத்துவச் செலவு இருக்கலாம், பயம் இருக்கலாம். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அழுத்தம் கொடுப்பதற்காகப் போகக் கூடாது. ஆறுதல் சொல்லவும் இழப்பீட்டுக்கு வழி கேட்கவும் போக வேண்டும்.

ஒரு பையன் முதல் முறை தவறும்போது அவனுக்காக யார் வருகிறார்கள் என்பதை அவன் உன்னிப்பாகப் பார்ப்பான். தகப்பனார் வரவில்லை, ஜமாஅத் வரவில்லை, அவனைப் பொட்டலத்தோடு அனுப்பியவன் மட்டும் வக்கீலோடு வந்து நின்றான் என்றால், அடுத்த முறை அவன் யார் பேச்சைக் கேட்பான் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் முதலில் போய் நிற்க வேண்டியவர்கள் பெற்றோர். அவர்களுக்குத் துணையாக நாம்.